முகத்தை அளப்பது யார் வேலை?

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ‘பாஸ்போர்ட் சைஸ் போட்டோ’ என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம், சின்னக் கவரில் சில பிரதிகள். ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, ஒரகடம் ஆலையில் வேலைக்குச் சேரும்போது நிரப்பும் படிவம் என எல்லாவற்றுக்கும் அந்தக் கவர் போதும். குடியுரிமை தொடர்பான விண்ணப்பம் என்று வந்ததும் அது செல்லாக்காசாகிவிடுகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு 51-க்கு 51 மில்லிமீட்டர் சதுரப் படம் வேண்டும். கனடா குடியுரிமைக்கு 50-க்கு 70. அதற்குள் தாடையின் அடியிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மில்லிமீட்டர்தான் இருக்கலாம், படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வெள்ளைப் பின்னணி கேட்கிறது. ஓசிஐ குறிப்புகளோ வெளிர் நிறம் வேண்டும், ஆனால் வெள்ளை கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தன. ஒரே முகம், ஒரே அரசு, இரண்டு சுவர்கள்.

இதையெல்லாம் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்கிவிடலாம். படம் சரியில்லையென்றால் இன்னொன்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சில்லறைத் தொல்லைக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. அரசுக்கு வேண்டிய அளவில், அரசுக்கு வேண்டிய வெளிச்சத்தில், அரசின் கணினி படிக்கும்படியாக ஒரு முகத்தைப் பதிவுசெய்யும் வேலை யாருடையது? அது அரசின் வேலை. அதை விண்ணப்பதாரர் தலையில் சுமத்துவதை, குறைந்தபட்சம் குடியுரிமை விண்ணப்பங்களிலாவது நிறுத்த வேண்டும்.

விதிகளே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பாஸ்போர்ட்டில் படம் கட்டாயமானதற்கே ஒரு மோசடிதான் காரணம். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, ஓர் அமெரிக்கரின் அசல் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் நுழைந்தார். அதில் படம் இல்லாததால் காகிதத்துக்கு உரியவரும் கையில் வைத்திருப்பவரும் ஒருவர்தானா என்று பார்க்க வழியில்லை. 1914 நவம்பரில் அவர் லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவும், 1915-இல் பிரிட்டனும் பாஸ்போர்ட்டுக்குப் படத்தைக் கட்டாயமாக்கின. அந்தத் தொடக்க காலத்தில் பிரிட்டனில் குடும்பத்தோடு நிற்கும் படத்தைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். கண்டிப்பு பின்னால் வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் தன் 9303-ஆம் எண் ஆவணத்தை வெளியிட்டு, இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்கு அளவுகோல் வகுத்தது. 2002-இல், எல்லைகளில் ஆளை அடையாளம் காண முகத்தையே முதன்மையான உடற்குறியாக எடுத்துக்கொள்வது என்ற முடிவுக்கு வந்தது. நடுநிலையான முகபாவம், திறந்த கண்கள், நிழல் விழாத கன்னம், மூக்குக்கண்ணாடி கூடாது என்று நாம் சலித்துக்கொள்ளும் விதிகள் எல்லாம் மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டவை இல்லை. இரண்டு கண்களுக்கும் மூக்கு நுனிக்கும் இடையிலான தூரத்தை அளக்கும் மென்பொருளுக்காக எழுதப்பட்டவை. நெற்றி மறையக் கூடாது என்பதும் அதனால்தான். சிங்கப்பெருமாள் கோயில் பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதியில் அர்ச்சகர் நாமத்தை விலக்கி, தீபத்தைத் தூக்கி நெற்றிக்கண்ணைக் காட்டும் வரை காத்திருந்து கும்பிடும் பக்தர்களுக்கு, நெற்றி தெரிய வேண்டும் என்ற விதியில் ஆட்சேபம் இருக்கப்போவதில்லை.

ஆக, விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்றால் அளக்கும் கருவியும் துல்லியமாக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். கேமரா என்பது எல்லா முகத்தையும் ஒரே கண்ணால் பார்க்கும் கருவி என்று நினைத்துக்கொள்கிறோம். பொதுவாகக் கேமரா தன் முன்னால் இருக்கும் காட்சியின் சராசரி வெளிச்சத்தை வைத்து எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவுசெய்கிறது. பின்னால் பளிச்சென்ற வெள்ளைத் திரை நிறைந்திருந்தால், வெளிச்சம் கூடுதல் என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். வெளுத்த முகத்துக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. கறுத்த முகம் இன்னும் இருண்டு, கண்ணோரமும் மூக்கோரமும் நிழலில் கரைந்துபோகும். தேர்ந்த போட்டோக்காரர் இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, திரைக்குத் தனி விளக்கு போட்டு, முகத்துக்கு அளவெடுத்துச் சரிசெய்வார். வீட்டுச் சுவர் முன்னால் நிற்கவைத்துக் கைபேசியில் எடுப்பவருக்கு அது கைகூடாது. பிறகு கணினியில் வெளிச்சத்தைத் தூக்குவார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ‘டச்சப்’ என்பது கேட்காமலே கிடைக்கும் சேவை. முகம் ஒரு சுற்று வெளுத்து, மரு மறைந்து, கழுத்துக் கோடு அழிந்து வரும். கல்யாணத் தரகரிடம் கொடுக்க அது தோதுப்படலாம். குடியுரிமை விண்ணப்பத்தில் அது ‘கணினியில் மாற்றப்பட்ட படம்’ ஆகிவிடுகிறது. மாற்றாமல் கொடுத்தால் இருட்டு, மாற்றிக் கொடுத்தால் திருத்தல். வெள்ளை வேண்டாம் என்று சொன்ன அந்தப் பழைய ஓசிஐ குறிப்பு, தெரிந்தோ தெரியாமலோ, நம் தோலுக்குத் தோதான விதியாக இருந்தது என்பது வேடிக்கை.

படத்தைச் சோதிக்கும் மென்பொருளின் பக்கமும் இதே கதைதான். பிரிட்டனின் பாஸ்போர்ட் இணையதளத்தில் உள்ள தானியங்கிச் சோதனையை பிபிசி 2020-இல் ஆராய்ந்தது. கறுத்த தோல் கொண்ட பெண்களின் படங்களில் 22 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது சொன்னது. வெளுத்த தோல் கொண்ட ஆண்களின் படங்களில் 9 சதவீதம்தான். 2016-இல் நியூசிலாந்தில் ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் படத்தை அந்நாட்டுப் பாஸ்போர்ட் இணையதளம் ‘கண்கள் மூடியிருக்கின்றன’ என்று திருப்பி அனுப்பியது. அவர் கண்கள் திறந்துதான் இருந்தன. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் 189 முகமறி மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், அவற்றில் பலவும் ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களில் ஆளை மாற்றிச் சொல்லும் பிழையை வெள்ளையர் முகங்களைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை அதிகமாகச் செய்தது தெரியவந்தது. இந்தப் பிழைகளுக்கெல்லாம் விண்ணப்பதாரர் பொறுப்பில்லை. ஆனாலும் நேரமும் பணமும் அவருடைய கையைவிட்டுத்தான் போகின்றன.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, விண்ணப்பத்தை ஏற்பதையும் மறுப்பதையும் அரசின் விருப்புரிமைக்கு விட்டுவிட்டு, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை என்கிறது. கடுமையான பிரிவுதான். அப்படியிருந்தும் மறுப்பு என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் உத்தரவு. கீழ்நிலை அதிகாரி பிறப்பித்த உத்தரவாக இருந்தால் 15-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மத்திய அரசிடம் சீராய்வு கேட்கலாம். நீதிமன்றம் போகலாம். போய் வென்றவர்களும் இருக்கிறார்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், பிறப்பாலேயே தான் இந்தியக் குடிமகள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது செய்தியாக வந்தது. ‘படம் ஏற்கப்படவில்லை’ என்று இணையப் பக்கத்தில் மின்னி மறையும் சிவப்பு வரி அப்படிப்பட்டதல்ல. அதில் அதிகாரியின் கையெழுத்து கிடையாது, கோப்பு எண் கிடையாது. விண்ணப்பம் சேரவே இல்லை என்பதால் மறுக்கப்பட்டவர்களின் கணக்கிலும் அந்த ஆள் வரமாட்டார். இயல்புரிமை வழியில் இந்தியக் குடியுரிமை கோருபவர் விண்ணப்பிக்கும் முன் தொடர்ந்து 12 மாதமும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு காத்திருந்தவரைப் படக்கோப்பின் கிலோபைட் கணக்கு ஒன்று வாசலில் நிறுத்திவைக்கிறது, நிறுத்தியது யார் என்று கேட்கவும் ஆளில்லை.

இதே அரசுக்குப் படம் எடுக்கத் தெரியாதா? நன்றாகவே தெரியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சென்ட் மனையைக் கிரயம் செய்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுப்பவரையும் எழுதிவாங்குபவரையும் கேமரா முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்து, விரல் ரேகையையும் பதிந்துகொள்கிறார்கள். ஆதார் மையத்தில் அவர்கள் கேமராதான். ஓட்டுநர் உரிமத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் வேண்டும் என்று தாம்பரம் சேவா கேந்திரத்துக்குப் போகும் சிங்கப்பெருமாள் கோயில்காரர் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அங்கே கவுன்டரிலேயே எடுக்கிறார்கள், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கொண்டுவரச் சொல்கிறார்கள். மனைக்கும் வண்டிக்கும் பயணத்துக்கும் அரசு தானே படம் எடுத்துக்கொள்கிறது. ‘நீ இந்த நாட்டவன்’ என்று எழுதித்தரும் இடத்தில் மட்டும் எடுத்துக்கொண்டு வா என்கிறது.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்களை நினைத்தால் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. 2021 வரை அகதிகள் முகாம் என்றே அழைக்கப்பட்ட இடங்கள் அவை. 1983 முதல் வந்தவர்களின் முகங்கள் முகாம் அடையாள அட்டைகளில் இருக்கின்றன. கணக்கெடுக்க, காவல் துறை சரிபார்க்க, உதவித்தொகை கொடுக்க என்று அரசு அந்த முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறது. அவர்கள் குடியுரிமைக்குத் தடையாக நிற்பது படமில்லை. செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்தி வாசலை அடைத்த 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும், இலங்கையை விட்டுவிட்ட 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும்தான். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்டவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது. அது குடியுரிமை ஆகாது. நாளை அந்த வாசல் திறந்தால், ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் விண்ணப்பிக்க வருவார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தங்களைப் படம்பிடித்து வைத்திருக்கும் அரசுக்கு அவர்கள் மறுபடியும் காசு கொடுத்துப் படம் எடுத்துக் கொண்டுவர வேண்டுமா?

அரசு எடுக்கும் படத்தின் லட்சணம் தெரியாதா என்று உடனே ஒரு குரல் எழும். டி.என். சேஷன் காலத்தில், 1993-இல் தொடங்கிய வாக்காளர் அடையாள அட்டையின் படங்களை வைத்துத் தமிழ்நாட்டில் பிறந்த நகைச்சுவைக்கு அளவில்லை. சொந்தப் பிள்ளையே அடையாளம் காணமுடியாத அப்பாக்கள் அந்த அட்டைகளில் இருக்கிறார்கள். நியாயமான கிண்டல்தான். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்குச் சில நொடி ஒதுக்கி, மங்கலாகக் கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டதன் விளைவு அது. எடுத்த படத்தை அதில் இருப்பவருக்குக் காட்டும் வழக்கமும் அன்றைக்கு இல்லை. பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் எடுக்கும் படம் யாரையும் அழகாக்கிவிடுவதில்லை என்றாலும், உலகின் எந்த விமான நிலையத்திலும் செல்லுபடியாகிறது. குடியுரிமைக் கோப்புக்கு அதுபோதும். திரையில் காட்டி, சரியில்லையென்றால் அங்கேயே மறுபடி எடுக்கும் உரிமையை விண்ணப்பதாரருக்குக் கொடுத்துவிட்டால் கிண்டலுக்கும் இடமில்லை.

ஸ்டுடியோக்காரர்களின் பிழைப்பு என்னாவது என்பது அதைவிடக் கனமான கேள்வி. கல்யாண ஆல்பம் தவிர அவர்களுக்கு மிச்சமிருக்கும் நிலையான வரும்படி இந்தச் சின்னப் படங்கள்தான். கைபேசி வந்த பிறகு அதுவும் தேய்ந்துவருகிறது. ஜெர்மனி இதற்கு ஒரு வழி கண்டது. 2018-இல் அங்கே ஒரு கலைஞர் குழு, தங்களில் ஒருவரின் முகத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய வெளியுறவுத் தலைவர் ஃபெதெரிகா மொகெரினியின் முகத்தோடு கணினியில் கலந்து, அந்தக் கலவைப் படத்தைக் கொடுத்து அசல் பாஸ்போர்ட்டே வாங்கிக் காட்டியது. ஒரு படத்துக்குள் இரண்டு ஆட்கள். விண்ணப்பதாரர் கையால் கொண்டுவரும் படத்தை நம்பினால் இதுதான் நடக்கும் என்பது வெளிச்சமானது. 2025 மே 1 முதல் ஜெர்மனியில் பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் காகிதப் படம் கிடையாது. அலுவலகத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு 6 யூரோ. அல்லது பதிவுபெற்ற ஸ்டுடியோவில் எடுத்தால், படம் விண்ணப்பதாரர் கைக்கு வராமல் பாதுகாப்பான இணைய வழியில் அலுவலகத்துக்கே போய்விடும். சிங்கப்பெருமாள் கோயிலிலும் மறைமலைநகரிலும் திருக்கழுக்குன்றத்திலும் பயிற்சியும் பதிவும் பெற்ற ஸ்டுடியோக்கள் இப்படி இயங்கினால் அவர்கள் தொழில் பெருகுமே தவிரக் குறையாது. படம் திரும்பிவந்தால் வாடிக்கையாளரோடு சண்டை போடும் நிலையும் போகும்.

மோசடிக்கு அஞ்சுபவர்கள்தான் முதலில் இந்த யோசனையை ஆதரிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும். அளவு விதிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் கலவைப் படம் நிற்காது. கணினியில் செய்த படம்தான் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும். விதியில் தோற்பது வீட்டில் எடுத்த நேர்மையான படம்.

வெளிநாட்டில் இருக்கும் ஓசிஐ விண்ணப்பதாரர்களை எங்கே வரவழைப்பது என்று கேட்கலாம். சட்டத்தின் 7ஏ பிரிவில் வரும் ஓசிஐ உண்மையில் குடியுரிமை கிடையாது. வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனாலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை வைத்திருக்கிறார்கள், படத்தொல்லையில் அதிகம் சிக்குபவர்களும் அவர்களே. முன்பெல்லாம் 20 வயதுவரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டுக்கும், பிறகு 50 வயதில் ஒருமுறையும் அட்டையையே மாற்ற வேண்டியிருந்தது. முகம் மாறுகிறது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். 2021 ஏப்ரலில் அது தளர்ந்து, 20 வயதுக்குப் பிறகு ஒருமுறை மட்டும் அட்டை மாற்றினால் போதும், மற்ற நேரங்களில் புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் புதிய படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும் என்றானது. நல்ல மாற்றம், ஆனால் சுமை முழுக்கப் படத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. டொரன்டோவிலோ மெல்போர்னிலோ இருப்பவர் தூதரகத்துக்கோ அதன் சேவை மையத்துக்கோ ஆவணங்களைச் சேர்க்கும்போது அங்கேயே படம் எடுக்க ஒரு கேமரா வைப்பது மலையைப் புரட்டும் காரியமில்லை. தொலைவில் வாழ்பவர்களுக்கு இணையவழி தொடரட்டும். அங்கே ஏற்க மறுத்தால் எந்த விதி மீறப்பட்டது என்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுதிச் சொல்ல வேண்டும், ஒரு மனிதர் மறுபடி பார்க்கும் வழியும் வேண்டும். பிரிட்டனில் குடியுரிமை கோருபவர்கள் உடற்குறிப் பதிவு மையத்திலேயே முகத்தைப் பதிவுசெய்கிறார்கள். அமெரிக்காவுக்குள் வாழ்ந்துகொண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரும் இப்போது காகிதப் படம் இணைக்க வேண்டியதில்லை.

அரசே படம் எடுத்தால் நம் முகங்களெல்லாம் கண்காணிப்புக் கிடங்குக்குப் போகாதா என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாடு காவல் துறையிடமே முகமறி மென்பொருள் இருக்கிறது. ஆனால் நாம் இணையத்தில் ஏற்றும் படமும் அதே கிடங்குக்குத்தான் போகிறது. போகும் வழியில் பிரவுசிங் சென்டர் கணினியிலும், ஸ்டுடியோவின் பென் டிரைவிலும், யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பிலும் ஒவ்வொரு பிரதி தங்கிவிடுகிறது. எந்தக் காரியத்துக்காக எடுத்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். எடுக்கும் வேலையை நம் தலையில் வைத்துக்கொள்வதால் அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வயது வந்தவர் எவரும் விசுவாச உறுதிமொழி எடுக்காமல் பதிவுசெய்யப்படக் கூடாது என்று சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. விண்ணப்பதாரர் எப்படியும் நேரில் வந்தாக வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கும் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு அவர் மூல ஆவணங்களோடு வரும் நாளில், ஒரு நாற்காலி, இரண்டு விளக்கு, ஒரு வெளிர்நிறத் திரை, ஆதார் மையத்தில் இருப்பது போன்ற ஒரு கேமரா இருந்தால் வேலை முடிந்தது. படமில்லாமலே விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்துகொள்ளவும், பதிந்த நாளையே விண்ணப்பித்த நாளாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்ய வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளில் உள்ள படிவங்களை மாற்றினால் போதும். அந்த அதிகாரத்தைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு மத்திய அரசிடமே கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் புதிய மசோதா எதுவும் வேண்டியதில்லை. உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கையில் இதைச் செய்துவிடலாம், செய்ய வேண்டும்.